வடகடல், தென்கடல்: பாம்பன் ஊர் நடக்கும் விதம்

ராமநாதபுரம் கடற்கரையில் மலை என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. ராமேஸ்வரம் கோயிலிலிருந்து மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ஒரு மணல்மேட்டைத்தான் கந்தமாதன பர்வதம் என்கிறோம். மேலே உள்ள மண்டபத்தில் நின்றால் தீவின் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிந்துவிடும், அவ்வளவு தட்டையான நிலம். ஆனாலும் கொடைக்கானலுக்கும் ஏற்காட்டுக்கும் 'சீசன்' இருப்பது போல இந்தக் கரைக்கும் உண்டு. அங்கே ஒன்று, இங்கே இரண்டு. இங்கே அதை முடிவு செய்வது காற்று. அந்தக் கணக்கு புரிய வேண்டுமானால் ராமேஸ்வரத்தைவிட பாம்பன்தான் சரியான இடம்.

ராமேஸ்வரம் போகிற எல்லோரும் பாம்பனைப் பார்த்துவிடுகிறார்கள், இறங்குகிறவர்கள்தான் குறைவு. சாலைப் பாலத்தின் உச்சியில் வண்டியை ஓரங்கட்டி, கீழே நிற்கும் படகுகளைப் படம் எடுத்துக்கொண்டு, அரைமணி நேரத்தில் கோயில் வாசலுக்குப் போய்விடுவார்கள். பாலத்தில் வண்டி நிறுத்துவது ஆபத்து, போலீஸும் விரட்டும். அந்தப் படத்தில் விழும் படகுகள் ஏன் சில மாதம் ஒரு பக்கமும் சில மாதம் மறுபக்கமும் கூடுகின்றன என்று கேட்டால், ஊரின் முக்கால்வாசிக் கதை வெளியே வந்துவிடும்.

பாம்பன் தீவு மேற்கே பாம்பனில் தொடங்கி கிழக்கே தனுஷ்கோடி, அரிச்சல்முனை வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் நீண்டு கிடக்கிறது. அதற்கு வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்களுக்கு அவை வடகடலும் தென்கடலும். தனுஷ்கோடிப் பக்கம் பெண்கடல், ஆண்கடல் என்றும் சொல்வார்கள். வடகடல் ஆழம் குறைந்த பெரிய தேக்கம். பல இடங்களில் பத்துப் பதினைந்து மீட்டருக்கு மேல் போகாது, அடியில் சேறும் மணலும். தென்கடலோ கரையோரத்தில் பவளப் பாறைகளோடு தொடங்கி, தெற்கே போகப் போக ஆயிரம் மீட்டரையும் தாண்டி இறங்குகிறது. இந்த இரண்டையும் இணைக்கும் வாய்தான் பாம்பன் கால்வாய். எதிர்க்கரையில் உள்ள மண்டபம் ஊருக்கும் பாம்பனுக்கும் நடுவே இரண்டு கிலோமீட்டர் அகலத்தில், பாறையும் மணலும் நிறைந்த ஆழமற்ற இடுக்கு. கப்பல் போகும் அளவுக்கு அதை வெட்டி ஆழப்படுத்தும் வேலை 19ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கிலேயர் காலத்தில் நடந்தது.

ஐப்பசியில் வாடை எழும்பினால் வடகடல் கொந்தளிக்கும். வடகிழக்கிலிருந்து வரும் காற்றைத் தடுக்க அங்கே ஒன்றுமில்லை. ஆழமற்ற கடல் என்பதால் அலை குட்டையாக, நெருக்கமாக, படகைப் போட்டு உலுக்கும். அப்போது தீவே ஒரு மதிலாகி தென்கடல் அடங்கிக் கிடக்கும். சித்திரை கழிந்து கச்சான் கிளம்பினால் கதை தலைகீழ்: மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் அடிக்கும் காற்று தென்கடலைக் கிளப்பிவிடும், வடகடல் குளம் போல நிற்கும். கால்வாயின் நீரோட்டமும் காற்றோடு திசை மாறும். வாடைக் காலத்தில் வடக்கிலிருந்து தெற்கே ஓடும் தண்ணீர், கச்சான் காலத்தில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். பாலத்தடியில் தூண்களைச் சுற்றிச் சுழிக்கும் நீரைக் கொஞ்ச நேரம் பார்த்தாலே இப்போது எந்தக் காலம் என்று சொல்லிவிடலாம்.

தொழிலும் இதற்கேற்பப் பக்கம் மாறும். ஒரே மீனவர் குடும்பத்துக்கு வடகடலில் போட ஒரு வலையும் தென்கடலில் போட வேறு வலையும் வேண்டியிருக்கிறது. சேற்றடியில் இறாலும் நண்டும் காரலும் கிடைக்கும். பாறைக் கடலில் விளமீன், பாறை மீன், ஊளி, கணவாய், சிங்கி இறால். மீன் மாறினால் வியாபாரியும் மாறுகிறார், விலையும் மாறுகிறது. வருஷம் முழுக்க ஏதோ ஒரு பக்கம் தொழில் ஓடுவது பாம்பனுக்குக் கிடைத்த வரம். ஒரே கடலை நம்பி நிற்கும் கரையூர்களுக்கு அந்த வசதி இல்லை.

வரம் என்று சொன்னாலும் கட்டுப்பாடுகள் நிறைய. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அது போக, விசைப்படகும் நாட்டுப்படகும் ஒரே நாளில் மோதிக்கொள்ளாமல் இருக்க, பாக் நீரிணைப் பக்கம் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். விசைப்படகின் இழுவைமடி வலை கடலடியை வாரிக்கொண்டு போய்விடுகிறது என்பது நாட்டுப்படகுக்காரரின் பழைய மனக்குறை. அதில் நியாயம் இருக்கிறது என்றுதான் நானும் நினைக்கிறேன். வடகடலின் குறுக்கே 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் போட்ட எல்லைக்கோடு வேறு. காற்றும் நீரோட்டமும் கோட்டைப் பார்த்து ஓடுவதில்லை, மீனும் பார்ப்பதில்லை. படகு பிடிபட்ட செய்தி வரும் நாட்களில் ஊர்ப் பேச்சு முழுக்க அதுவாகத்தான் இருக்கும்.

மழைக்காலத்தில் தொலைக்காட்சி பார்க்கும் எல்லோருக்கும் பாம்பன் என்ற பெயர் ஒரே ஒரு வாக்கியத்தில் அறிமுகம்: "பாம்பன் துறைமுகத்தில் மூன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது." அந்தக் கூண்டு நிஜமாகவே கம்பத்தில் ஏற்றித் தொங்கவிடும் பொருள்தான். பகலில் கூம்பு, உருளை வடிவக் கூண்டுகள், இரவில் விளக்குகள். ஒன்றும் இரண்டும் என்றால் புயல் தொலைவில் கடலில் இருக்கிறது. மூன்றும் நான்கும் துறைமுகத்துக்கே மோசமான வானிலை வரக்கூடும் என்பதற்கு. ஐந்து, ஆறு, ஏழு அபாயம். எட்டு, ஒன்பது, பத்து பெரும் அபாயம். ஐந்து முதல் ஏழு, எட்டு முதல் பத்து என்ற இந்த இரு தொகுதிகளுக்குள்ளும் எண் கூடுவதால் ஆபத்து கூடுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல, புயல் துறைமுகத்தை இடப்பக்கம் விட்டுப் போகுமா, வலப்பக்கம் விட்டுப் போகுமா, நேராகவே வருமா என்பதுதான் அந்த வேறுபாடு. பதினொன்று ஏறினால் வானிலை மையத்துடன் தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். கூண்டு ஏறிய நாளில் மீன்வளத்துறை டோக்கன் கொடுக்காது, டோக்கன் இல்லாமல் விசைப்படகு கிளம்பக் கூடாது. ஆக, கம்பத்தில் ஏறும் ஒரு கூண்டு அன்றைக்கு ஊரில் அடுப்பு எப்படி எரியும் என்பதையும் சேர்த்தே தீர்மானிக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவை இந்தக் கரை மறக்காது. அன்றிரவு பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் புறப்பட்ட பயணிகள் ரயில், ஊரை எட்டும் தறுவாயில் அலையில் போனது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். தனுஷ்கோடி ஊரே அழிந்தது. அதுவரை பாம்பன் ஒரு ஜங்ஷன். ஒரு தடம் ராமேஸ்வரத்துக்கும் இன்னொன்று தனுஷ்கோடிக்கும் பிரியும். 1914இல் பாலம் திறந்த பிறகு போட் மெயில் ரயிலில் வந்தவர்கள் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். எதிர்க்கரையில் மண்டபம் முகாம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தடுத்து வைத்துச் சோதித்து அனுப்பிய இடம். கண்டி, நுவரெலியா மலைகளில் இன்று வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஏராளமானவற்றின் முன்னோர் இந்தத் தட்டைக் கரையைக் கடந்துதான் மலையேறினார்கள். 1980களில் அதே முகாமுக்கு இலங்கையிலிருந்து அகதிகள் வந்து சேர்ந்தார்கள். புயலுக்குப் பிறகு தனுஷ்கோடித் தடம் மீண்டும் போடப்படவில்லை. ஜங்ஷன் என்ற பெருமை போய் பாம்பன் வழியில் உள்ள ஒரு நிலையம் ஆகிவிட்டது.

பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் பாம்பனைச் சொல்ல முடியாது. பழைய பாலம் நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தூண்களில், இரண்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான நீளத்தில் நின்றது. நடுவில் ஷெர்சர் என்ற அமெரிக்கப் பொறியாளரின் வடிவமைப்பில், கதவு போல இரண்டாகப் பிரிந்து மேலெழும் பகுதி. பல ஆண்டுகள் அதை ஆட்கள் நின்று கைப்பிடி சுற்றித்தான் திறந்தார்கள். 1964 புயலில் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள், அதாவது தண்டவாளத்தைத் தாங்கும் இரும்பு உத்திரங்கள், கடலில் விழுந்தும் இந்தத் தூக்கும் பகுதி தப்பியது. இளம் பொறியாளராக இருந்த இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் ரயிலை மீண்டும் ஓடவிட்டார். கடலில் விழுந்த கர்டர்களைத் தேடி எடுத்தே மறுபடியும் பொருத்தினார்கள். 2007இல் அகலப்பாதை வந்தது. உப்புக்காற்றின் அரிப்பு தாளாமல் 2022 டிசம்பரில் பழைய பாலத்தில் ரயில் நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. அதன் நடுப்பகுதி 72.5 மீட்டர் நீளம். பிரியாமல் அப்படியே செங்குத்தாக 17 மீட்டர் உயர்கிறது.

எதற்காக இவ்வளவு பாடுபட்டுப் பாலத்தைத் தூக்க வேண்டும்? பெரிய கப்பல் எதுவும் இந்த வழியாக வர முடியாது. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வரும் கப்பல் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் வருகிறது. அதை மாற்றக் கிளம்பிய சேதுசமுத்திரத் திட்டம் 2005இல் தொடங்கிப் பாதியில் நின்றுபோனது. ஆனால் இழுவைக் கப்பல்கள், மிதவைகள், கடலோரக் காவல் கலங்கள், நாகப்பட்டினம் கடலூர்ப் பக்கத்திலிருந்து கேரளக் கரைக்குப் போகும் ஆழ்கடல் படகுகள் ஆகியவற்றுக்கு இது பல நாள் பயணத்தை மிச்சப்படுத்தும் குறுக்குவழி. அவை துறைமுக அலுவலகத்தில் அனுமதி வாங்கி, வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு, நீரோட்டம் அடங்கும் நேரம் பார்த்து வரிசையாக நுழையும். பாலம் திறக்கும் நாள் உள்ளூர்க்காரர்களுக்கே வேடிக்கை. அதற்கென்று நிலையான அட்டவணை கிடையாது, அமைந்தால் பார்க்கலாம்.

இன்னொரு செய்தியும் அடிக்கடி வரும்: "பாம்பனில் கடல் உள்வாங்கியது, மக்கள் பீதி." 2004 சுனாமிக்குப் பிறகு இந்தத் தலைப்புக்குக் கிடைக்கும் கவனமே தனி. இந்தக் கரையில் ஏற்றவற்றத்தின் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. வடகடல் தட்டையாக இருப்பதால், காற்று ஒரு பக்கமாகத் தொடர்ந்து தள்ளினாலே போதும், தண்ணீர் கால் கிலோமீட்டர் விலகினது போலத் தெரியும். படகுகள் தரைதட்டிச் சாய்ந்து நிற்கும். சில மணி நேரத்தில் திரும்பிவிடும். ஊரில் யாரும் பீதியடைவதில்லை, படகை இழுக்க முடியவில்லையே என்று எரிச்சல்தான் அடைவார்கள். 2004இல்கூட இலங்கை குறுக்கே நின்றதால் இந்தப் பகுதி நாகப்பட்டினம் போலப் பாதிக்கப்படவில்லை. தென்கடல் திடீரென்று பச்சையாக மாறுவதும் அப்படித்தான் செய்தியாகிறது. அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர் பெருகுவது; ஊரில் பூங்கோரை என்கிறார்கள். தண்ணீரில் உயிர்க்காற்று குறைந்து மீன்கள் செத்து ஒதுங்கும். இது உண்மையிலேயே கவலைப்பட வேண்டிய விஷயம், ஆனால் தலைப்பில் அதே பச்சை நிறம்தான் வருகிறது.

கடல் சூழ்ந்த மணல் தீவில் குடிதண்ணீர் எங்கிருந்து? மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் ஒரு மெல்லிய அடுக்காக மிதந்து நிற்கிறது. அதனால்தான் கடற்கரைக்குப் பக்கத்திலேயே கையால் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கிறது. பேராசைப்பட்டு மோட்டார் வைத்து ஆழத்தில் உறிஞ்சினால் உப்பு மேலேறிவிடும். பிறகு அந்தக் கிணறு அவ்வளவுதான். லாட்ஜுகள் பெருகும்போது இதுதான் பயம். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகு நிலைமை தேவலை, ஆனாலும் குடம் வரிசையில் நிற்பது இன்னும் ஒழியவில்லை. மழை இல்லாத தீவு என்றும் நினைத்துவிட வேண்டாம்: 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது, பாம்பனிலும் தெருவெல்லாம் வெள்ளம்.

மீன்பிடி என்றால் ஆண்கள் என்று நினைத்துக்கொண்டு வருபவர்கள் சின்னப்பாலத்துக்கு ஒருமுறை போக வேண்டும். பாம்பனை ஒட்டிய இந்தக் கரையூரில் பெண்கள் தலைமுறையாகக் கடலில் இறங்கிப் பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கிப் பாறையிலிருந்து கையால் பறிப்பார்கள். மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி, கட்டக்கோரை என்று ஒவ்வொன்றுக்கும் பெயரும் விலையும் உண்டு. முதல் இரண்டும் அகர் அகர் ஆகின்றன. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் பாலும் சீனியும் சேர்த்து உறையவைக்கும் கடல்பாசி இதுதான். ஐஸ்கிரீமிலும், ஆய்வுக்கூடத்தில் கிருமி வளர்க்கும் தட்டிலும் இருப்பதும் இதுவே. கட்டக்கோரை துணிக்குச் சாயம் ஏற்றப் பயன்படும் அல்ஜினேட்டுக்குப் போகிறது.

இந்தப் பெண்களின் பெரிய சண்டை கடலோடு அல்ல, சட்டத்தோடு. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் சுற்றியுள்ள கடலும் 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டபோது, அவர்கள் காலங்காலமாகப் பாசி எடுத்த இடமெல்லாம் தடைப்பகுதி ஆனது. பிடித்தால் அபராதம், பாசி பறிமுதல். பாதுகாப்பு தேவையில்லை என்று யாரும் சொல்ல முடியாது: வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் பவளப்பாறையை வெட்டி எடுத்ததில் 21இல் இரண்டு தீவுகள் கடலுக்குள் போய்விட்டன. ஆனால் வெட்டியவர்களும் பாசி பறித்தவர்களும் ஒரே ஆட்கள் அல்ல. பெண்கள் கூடிப் பேசி, எந்த நாட்களில் எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று தங்களுக்குள் வரையறை வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்துப் பாசி எடுக்கும் பெண் ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது அந்த முயற்சிக்குத்தான். வடகடல் பக்கம் மூங்கில் மிதவைகளில் கட்டி வளர்ப்பது வேறு பாசி. கப்பாபைகஸ் என்ற அந்த வெளிநாட்டுப் பாசியை இங்கே கொண்டுவந்ததில் பெப்சி நிறுவனத்துக்குப் பங்கு இருந்ததால் ஊரில் இன்றும் அது 'பெப்சி பாசி'. நாலு காசு கொடுத்தது உண்மை. பாம்பனுக்குப் பக்கத்திலுள்ள குருசடைத் தீவின் பவளப்பாறைகளில் தொற்றிப் படர்ந்ததும் உண்மை.

குருசடைத் தீவின் பெயர் தமிழ்நாட்டில் விலங்கியல் படித்தவர்களுக்கெல்லாம் தெரியும். பாலனோகிளாசஸ் என்ற புழுவைப் பார்க்க கல்லூரிச் சுற்றுலாக்கள் இங்கேதான் வந்தன. இப்போது வனத்துறை பாம்பனின் தென்கரையில் உள்ள குந்துகாலிலிருந்து படகில் அழைத்துப் போகிறது. கடல் அடங்கியிருந்தால்தான் படகு விடுவார்கள், ஆகவே தை, மாசி, பங்குனிதான் தோது. தண்ணீர் தெளிவாக இருக்கும், பவளமும் வண்ணமீனும் மேலிருந்தே தெரியும். கச்சான் காலத்தில் வந்து படகு இல்லை என்று கோபப்படுவது கொடைக்கானலுக்குப் போய் மூடுபனியால் ஒன்றும் தெரியவில்லை என்பது போலத்தான். கடைத்தெருவில் யாராவது பவளத் துண்டையோ காய்ந்த கடற்குதிரையையோ நீட்டினால் வாங்காதீர்கள். வனவிலங்குச் சட்டத்தில் இரண்டும் குற்றம்.

குந்துகாலுக்குப் போவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சிகாகோவிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 ஜனவரி 26 அன்று இலங்கையிலிருந்து வந்து பாம்பனில் கரையிறங்கினார். அவரது அமெரிக்கப் பயணத்துக்கு உதவிய ராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி வரவேற்றார். அங்கே நினைவு மண்டபம் இருக்கிறது. பக்கத்திலேயே மீன் இறங்குதளம். மண்டபத்தை அரைமணியில் முடித்துவிடலாம், இறங்குதளத்தில் அரைநாள் போவது தெரியாது.

ஜூலையில் வருபவர்கள் தங்கச்சிமடத்தை அடுத்த வேர்க்காடு சந்தியாகப்பர் தேவாலயத் திருவிழாவை விடக் கூடாது. கிறிஸ்தவர்களோடு இந்துக்களும் முஸ்லிம்களும் நேர்ச்சைக்கு வந்து நிற்பது அங்கே விசேஷமாகவே பேசப்படுவதில்லை, வழக்கம் அது. பேக்கரும்பில் 2017இல் திறந்த அப்துல் கலாம் நினைவிடத்தில் எப்போதும் கூட்டம். 2025இல் தனுஷ்கோடிச் சதுப்புகள் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. வாடைக் காலத்தில் பறவைகள் வருகின்றன.

எனக்குக் கேட்டால், பாம்பனில் பார்க்க வேண்டியது விடிகாலை ஏலம்தான். எந்தக் கரையில் என்பது மாதத்தைப் பொறுத்தது, தெற்குவாடியா வடக்கா என்று ஊரில் கேட்டுக்கொள்ள வேண்டும். கூடை இறங்கியதும் மீன் தரம் பிரியும். கணவாயும் நண்டும் சிங்கியும் ஏற்றுமதி வண்டிக்குப் போகும். சீலாவும் பாறையும் மதுரைக்கு. சூடை, முரல், காரல் உள்ளூர்ப் பெண்களின் கூடைக்கு வந்து, மிஞ்சினால் கருவாடாகி, வாடி என்னும் கரையோரக் களத்தில் காயும். விருந்தாளியாகப் போனால் கூடைக்கு வரும் அந்த மலிவு மீனைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவது நல்லது. ஹோட்டல் பட்டியலில் அது இருக்காது.

புதிய பாலம் வந்து ரயில் முன்பைவிட வேகமாகக் கடக்கிறது. பழைய பாலத்தில் ஊர்ந்த நாட்களில் பயணிகளுக்குக் கிடைத்த வேடிக்கை நேரம் சுருங்கிவிட்டது. பாம்பன் நிலையத்தில் எல்லா ரயிலும் நிற்பதுமில்லை. இறங்க நினைப்பவர்கள் மதுரையிலிருந்து வரும் பயணிகள் ரயிலைப் பிடிக்கலாம், அல்லது ராமநாதபுரத்தில் பஸ் ஏறி நடத்துநரிடம் முதலிலேயே சொல்லிவைக்கலாம். சொல்லாவிட்டால் அவர் நேராக ராமேஸ்வரத்துக்குத்தான் டிக்கெட் கிழிப்பார்.